காஞ்சியின் இரு நூல்கள்

காஞ்சிபுரத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே செல்கின்றனர். ஒன்று, கோவில்களைக் காண்பது. மற்றொன்று, திருமணத்திற்குப் பட்டெடுப்பது. வீட்டில் ஒரு பெண்ணுக்கு மணம் நிச்சயமாகிவிட்டால் போதும்; பெரியவரும் சிறியவருமாகப் பத்துப்பேர் ஒரே வண்டியில் ஏறி, காந்தி சாலையில் இறங்கி, நான்கு கடைகளில் நாற்பது சேலைகளைப் பிரித்துப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவர். நாமும் பலமுறை அவ்வாறு சென்று வந்தவர்களே. இம்முறை, உடுக்கும் நூலை ஒருபுறம் வைத்துவிட்டுப் படிக்கும் நூலைத் தேடிச் சென்றோம். அந்நகரின் பொது நூலகங்கள் யாரைச் சென்றடைகின்றன, யாரைச் சென்றடையவில்லை என்று கண்டுவருவதே நம் நோக்கம்.

தறியில் ஓடுவதற்கும் ஏட்டில் எழுதுவதற்கும் தமிழில் ஒரே பெயர். இது தற்செயலன்று. பஞ்சை இழையாக்குவதையும் சொல்லைச் செய்யுளாக்குவதையும் ஒப்பிட்டு, நூலென்னும் பெயருக்குக் காரணம் கூறுகிறது நன்னூலின் பாயிரம். ஆயினும் காஞ்சியில் இவ்விரு நூல்களும் நெடுங்காலம் தனித்தனித் தெருக்களிலேயே வாழ்ந்திருக்கின்றன.

கல்வி இந்நகருக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் ஆசிரியருடன் கன்னட நாட்டிலிருந்து காஞ்சிக் கடிகைக்கு மேற்கல்வி நாடி வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகிறது. வந்த இடத்தில் பல்லவர்தம் குதிரைவீரனோடு பூசல் விளைய, அவன் ஏட்டைத் துறந்து வாளை ஏந்திக் கடம்ப அரசை நிறுவினானாம். ஏழாம் நூற்றாண்டின் சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் நூறளவிலான பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், நாலந்தாவில் புகழ்பெற்று விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே என்றும் தம் குறிப்பில் எழுதினார். இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆனால், கடிகை வேதம் பயில்வோர்க்குரியது, மடம் துறவியர்க்குரியது. பாவு நீட்டியவனுக்கும் தார் சுற்றியவளுக்கும் அங்கே பாய் விரித்திருந்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க ஒரு புத்தகம் மட்டும் அந்நாளிலேயே இவ்வூரில் இருந்தது. வைகுந்தப் பெருமாள் கோவிலின் சுற்றுச் சுவரைத்தான் சொல்கிறோம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய கோவில் அது. வாரிசின்றி அரசன் மறைய, நாட்டின் பெரியோரும் கடிகையாரும் சேர்ந்து சென்று, பல்லவர் கிளைக்குடியில் பிறந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை அரசனாகத் தருமாறு வேண்டிய கதை, அங்கே வரிசை வரிசையாகச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பத்தின் அருகே விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். படமும் உரையுமாக விளங்கும் சரித்திர நூல் ஒன்றை ஊரார் அனைவரும் காணச் சுவரில் விரித்துவைத்தாற்போல இருக்கிறது. மணற்கல்லாதலால் பல முகங்கள் மழுங்கிவிட்டன. பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோர், கர்ப்பக்கிரகத்தைத் தரிசித்ததோடு திரும்பிவிடாமல், இச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடத்தல் நன்று.

எவர் வேண்டுமாயினும் உள்ளே வரலாம், அமரலாம், எடுத்துச் செல்லலாம் என்னும் நூலகம் இவ்வூருக்கு வந்தது மிக அண்மையில்தான். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும், சீ. இரா. அரங்கநாதனின் இடைவிடாத உழைப்பும் இதற்குப் பின்னால் இருந்தன. அரங்கநாதன் சீர்காழியில் 1892இல் பிறந்தவர்; கணக்காசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர்; நூலக இயலையே ஒரு சாத்திரமாக வகுத்தவர். அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன.

இச்சட்டத்தின் நுட்பம் அதன் வருவாய் வழியில் இருக்கிறது. வள்ளல்களின் கொடையை நம்பியும், அரசாங்கத்தின் கருணையை நோக்கியும் நூலகம் நிற்கலாகாது என்று கருதி, வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றைச் சேர்த்தார்கள்.  இன்று ரூபாய்க்கு 10 பைசா. காஞ்சிபுரம் 1866 முதல் நகராட்சி, 2021இல் மாநகராட்சியாயிற்று. அந்நகரில் வரி செலுத்தும் ஒவ்வொரு வீடும், கோவில் மாடவீதியிலுள்ள மாளிகையாயினும் பிள்ளையார்பாளையத்து ஓட்டு வீடாயினும், தன் வரியில் பத்தில் ஒரு பங்களவு கூடுதலாக நூலகத்திற்கென்றே செலுத்துகிறது. வாடகைக்கிருப்போர் வாடகையின் வழியே அதைச் சுமக்கிறார்கள். ஆகவே நூலகத்தின் படியை ஒருநாளும் மிதியாத நெசவாளியும் அதன் பங்குதாரரே. நாம் காஞ்சியில் பேசியவர்களுள் பெரும்பாலோர்க்கு இச்செய்தி புதிது. சொன்னபோது ஒருவர் சிரித்துவிட்டார். மற்றொருவர் வரி ரசீதை எடுத்துவந்து சரிபார்த்தார்.

நகரின் நூலகத்துள் நுழைந்தால் முதலில் கண்ணிற்படுவது செய்தித்தாள் பகுதி. ஓய்வுபெற்ற முதியவர்கள் ஆளுக்கொரு தாளைப் பிரித்துவைத்து, ஒருவர் முடிப்பதற்காக மற்றவர் காத்திருக்கும் காட்சி தமிழகமெங்கும் ஒன்றே. அதற்கப்பால் இளைஞர் கூட்டம். தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிப்போர் காலையிலேயே இடம்பிடித்து அமர்ந்துவிடுகிறார்கள். இவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கக் கண்டோம். திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை வேலைக்குப் போகாமல், அரசு வேலை ஒன்றை நம்பி ஆண்டுக்கணக்கில் படிப்பவர்கள். நூலகம் கதைப் புத்தகம் படிக்கும் இடமாயிருந்தது போய்த் தேர்வுக்கூடமாகிவிட்டதே என்று சிலர் குறைபடுவதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. தறியும் பாவும் அடைத்த சிறு வீட்டில், விளக்கும் மேசையும் மௌனமும் எங்கே கிடைக்கும்? அவை மூன்றையும் விலையின்றித் தருவதும் நூலகத்தின் பணியே.

மற்றப் பணிகளை விரைந்து சொல்லிவிடலாம். ஒவ்வொரு நூலகத்தையும் ஒட்டி வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, புத்தகக் காட்சி ஆகியன நடக்கும். ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகலாம். பெயர் பலகையில் ஏறும். 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் சுற்றுப்புற ஊராட்சிகளிலும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் எத்தனை கதவுகள் நாள்தோறும் திறக்கின்றன என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் கதை.

அத்திட்டத்தின் பெயருக்குரியவர் இவ்வூர்க்காரர். அறிஞர் அண்ணா 1909இல் காஞ்சியில் நெசவுத்தொழில் மரபுடைய ஒரு குடியில் பிறந்தார். இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் பயின்றார். சிறிதுகாலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராயுமிருந்தார். 1942இல் ‘திராவிட நாடு’ இதழை இவ்வூரிலிருந்தே தொடங்கினார். ‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ என்னும் தலைப்பில் அவர் நிகழ்த்திய வானொலிச் சொற்பொழிவு பலரும் அறிந்தது. அவருடைய அரசியலை ஏற்போரும் ஏலாதோரும் தமிழ்நாட்டில் உண்டு. அவர் படித்த படிப்பை மறுப்போர் இல்லை. அந்நாளில் தெருமுனைதோறும் தோன்றிய படிப்பகங்களில், எழுத்தறிந்தவர் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பர். கையில் தொழிலிருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது! கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள், இலை சுருட்டிக்கொண்டே செவியால் படித்த மரபும் இத்தகையதே. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இவ்வழக்கம் உண்டு. படிப்பவரின் கூலியைத் தொழிலாளர்களே தங்களுக்குள் திரட்டிக் கொடுத்தார்கள்.

தறிக்கூடத்தில் மட்டும் இது இயலாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டினுள் சென்று ஐந்து நிமிடம் நின்றபோதே அது நமக்கு விளங்கிற்று. இடுப்பளவு குழிக்குள் கால்களை இறக்கி நெசவாளர் மிதியை மிதிக்கிறார். நாடா இடமும் வலமும் பாய்கிறது. மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன. அந்த ஓசையில் பக்கத்திலிருப்பவர் பேசுவதும் கேட்பதில்லை. பூவும் அன்னமும் எங்கே எழவேண்டும் என்பது முழுதும் அவ்வட்டைகளில் துளைகளாக எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய இம்முறையைக் கண்டே, ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். இன்றைய கணினிக்கு அது ஒரு முன்னோடி. உத்தரத்தில் கட்டுக்கட்டாகத் தொங்கிய பழைய அட்டைகளை நாம் வியந்து நோக்கியபோது, அவற்றுள் இது மாங்காய், இது உருத்திராட்சம், இது மயில் என்று கைகாட்டியே சொன்னார் அவ்வீட்டுப் பெரியவர். அகரவரிசை வேண்டாத நூலகம்!

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்து வாங்கப்படுகின்றன. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒருவரே மூன்றையும் இயக்குவது கடினமாதலால், நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைச் செலுத்தித்தர ஒரு துணை வேண்டும். அத்துணை பல தலைமுறைகளாக ஒரு குழந்தை. விரல் சிறிது, கூலியும் சிறிது. முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை அப்பலகையைவிட்டு எழமுடியாத பிள்ளைகள் பலர் இருந்தனர். மணப்பெண்ணின் தோளில் நாம் மெச்சிய கரைகளில் எத்தனை பள்ளிநாள்கள் கோக்கப்பட்டிருந்தன என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிறப்புப் பள்ளிகள் வந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இணைந்து, உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் வழியாக நடத்திய இண்டஸ் திட்டத்தில் காஞ்சிபுரம் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் வீடுவீடாகச் சென்றன. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பகலில் தறிப்பலகையில் குழந்தைகள் அமர்ந்திருக்கும் காட்சி இன்று அருகிவிட்டது என்பது பெரும் ஆறுதல். அதற்காக உழைத்தவர்கள் பலர் பெயரறியாதவர்கள்.

ஆயினும் 2016இல் வந்த திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்குக் குழந்தை உதவலாம் என்று அனுமதிக்கிறது. பள்ளி நேரம் போக மீதி நேரம் என்பது என்ன? மாலை நான்கு மணி முதல் விளக்கு வைத்துச் சற்று நேரம் வரை. கிளை நூலகங்கள் மாலைவேளையில் திறந்திருப்பதும் அப்போதுதான்! தெருவின் ஒருகோடியில் நூலகம் பிள்ளையை அழைக்கிறது. மறுகோடியில் தறி அழைக்கிறது. வீட்டிலே தீபாவளிக்கு முந்திய அவசரம், முடித்துக் கொடுக்கவேண்டிய சேலை இரண்டு. தந்தை எதற்குப் பிள்ளையை அனுப்புவார்? அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு நேரமென்பது அரிசி.

பெரியவர்களின் நிலையும் இதுவே. நெசவாளர் பலர் அமாவாசையன்று தறியில் அமர்வதில்லை. அதுவே அவர்கள் தொன்றுதொட்டுக் காக்கும் ஓய்வுநாள். கிளை நூலகங்கள் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒன்று நிலவைப் பார்த்து வருவது, மற்றொன்று நாட்காட்டியைப் பார்த்து வருவது. அரங்கநாதன் தம் முதல் விதியை விளக்கும் இடத்திலேயே, நூலகம் எங்கே அமையவேண்டும், எந்நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதைத்தான் பேசுகிறார். நூல்கள் பயன்படுவதற்கு என்றால், பயன்படுத்துவோர் ஓய்ந்திருக்கும் நேரம் எது என்று முதலில் கேட்கவேண்டும். காஞ்சிக்கு அக்கேள்வியைக் கேட்டால் மற்றொரு விடையும் கிடைக்கும்: மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறும். ஈரத்தில் பட்டிழை சொன்னபடி கேளாது. தெருவிலே பாவு நீட்டவும் வழியில்லை. நெசவாளி கைகட்டி வீட்டிலிருக்கும் நாள்கள் அவை. வருவாய் இல்லாத நாள்களாதலால் மனமும் சோர்ந்திருக்கும். தேசிய நூலக வாரம் வருவதும் அந்த நவம்பரில்தான். போட்டிகளை மண்டபத்தில் நடத்துவதோடு, அவ்வாரத்தில் ஒரு பெட்டி நூல்களைத் தறித்தெருக்களுக்குத் தூக்கிச் சென்றால் என்ன?

இது புதுமையான யோசனையன்று. நம் நாட்டில் நடந்ததே. 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் இரட்டை மாட்டு வண்டியொன்றை நூலகமாக்கி ஊர் ஊராக அனுப்பினார். அரங்கநாதனே வந்து தொடங்கிவைத்தார். சட்டமும் வரியும் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, புத்தகம் வாசகரைத் தேடிப் புழுதிச் சாலையில் புறப்பட்டுவிட்டது. அண்மையில், 2022ஆம் ஆண்டில், தமிழக அரசின் பொது நூலகத் துறை ‘நூலக நண்பர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நூலகத்திற்கு வரமுடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரின் வீட்டிற்கே தன்னார்வலர்கள் நூல்களை எடுத்துச் சென்று கொடுத்து, படித்தபின் திரும்பப் பெறுவர். மாட்டு வண்டியின் இடத்தில் ஒரு தோள்பை. நூலகத்திற்கு வரமுடியாதவர் என்னும் சொல்லுக்குள் தறிக்குழியில் காலிறக்கியிருப்பவரும் அடங்குவார் என்றே நாம் கருதுகிறோம். கால் நலமாயிருந்தும் எழமுடியாதவர் அவர்.

எல்லோரையும்விட வெளியே வரவியலாதவர்கள் பெண்கள். நெசவு என்றால் தறியிலிருப்பவரையே நாம் நினைக்கிறோம். சிட்டத்திலிருந்து இழையை இராட்டையில் இழுத்துத் தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, சாயம் தோய்த்த பட்டை உலர்த்துவது ஆகிய வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் இருக்கின்றன. அதன்மேல் அடுப்படி வேலை. கூட்டுறவுச் சங்கத்திற்குச் சேலையைக் கொண்டுபோகும் சாக்கிலாவது ஆண் வெளியே செல்கிறார். இவர்களுக்கு அதுவும் குறைவு.

நாம் சென்ற வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மையார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். கண்ணாடி அணிந்திருந்தார். மளிகைச் சாமான் மடித்துவரும் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாராம். சரித்திரக் கதைகள் என்றால் உயிர். மணமாவதற்கு முன் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து வைத்திருந்ததாகவும், குடிபெயர்ந்தபோது அவை போய்விட்டதாகவும் கூறினார். நூலகம் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இருபத்தாறு ஆண்டுகளாக அதன் பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்து சென்றிருக்கிறார். பெண்கள் உள்ளே போகலாமா, பணம் கேட்பார்களா என்ற ஐயத்தால் படியேறவில்லை. உறுப்பினராவதற்குச் சிறு தொகையே போதும், நூலை இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் படிக்கலாம், உள்ளே அமர்ந்து படிக்க ஒன்றுமே தரவேண்டியதில்லை என்று நாம் எடுத்துரைத்தோம். இராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, “என்னைக்கெல்லாம் திறந்திருக்கும்ங்க?” என்றார்.

வெள்ளிக்கிழமை நீங்கலாக என்று சொன்னோம். தறியோசையினூடே உள்ளே பார்த்து, கணவரிடம் அமாவாசை என்று என்று கையசைத்துக் கேட்டார். அவர் நாடாவை நிறுத்திச் சுவரிலிருந்த நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். அந்த மாதத்து அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது.